இனிப்பு நீர் மறைந்துவிட்டதா?

கேரி தீவுத் தோட்டம் ஒன்றில் நாங்கள் சுகாதார விளக்கக் கூட்டம் நடத்தியபோது, ஒரு தாய் எழுந்து வினவினார்: "என் மகனுக்கு இனிப்பு நீர் கண்டு மூன்று மாதமாகிறது, ஐயா. மருத்துவர் இன்சுலின் அளவைக் குறைத்தும் சர்க்கரை ஏறவில்லை. பாகற்காய்ச் சாறும் கொடுத்து வருகிறேன். ஊசியை நிறுத்திவிடலாமா?"

நிறுத்தலாகாது என்பதே விடை. காரணத்தை விளக்குவோம்.

கணையம் என்னும் உறுப்பிலுள்ள சில உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. சிறுவர்க்குப் பெரும்பாலும் வரும் முதல் வகை நீரிழிவில், உடலின் தற்காப்பு ஆற்றலே தவறுதலாக அவ்வுயிரணுக்களை அழித்துவிடுகிறது. நோய் தெரியவரும் வேளையில் எஞ்சியிருப்பவை சிலவே, அவையும் சோர்ந்திருக்கும். ஊசி மருந்து அவற்றின் சுமையைக் குறைத்ததும், அவை சற்றே தேறி மீண்டும் சுரக்கின்றன.

பால் வற்றிய ரப்பர் மரத்தைச் சில காலம் வெட்டாது விட்டால், ஓரளவு பால் மீள்வதுண்டு அன்றோ? அதைக் கண்டு, மரம் முற்றும் நலமடைந்தது என எண்ணி முன்போல் வெட்டினால், அது மறுபடியும் வற்றிப்போகும். இதுவும் அத்தகையதே.

மருத்துவர்கள் இதனைத் 'தேனிலவுக் காலம்' என்பர். இது சிலருக்குச் சில வாரங்களும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும்; சிலருக்கு வருவதே இல்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை மருத்துவ உலகம் இன்னும் முழுமையாக அறியவில்லை. ஆயினும், எஞ்சிய உயிரணுக்களும் நாளடைவில் அழிய, ஊசியின் தேவை மீண்டும் கூடும். எனவே, சர்க்கரை இறங்கிய பெருமை பாகற்காய்க்கு உரியதன்று.

எடை குறைந்ததால் நீரிழிவு தணிந்த பெரியவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அது இரண்டாம் வகை நோய். இதனோடு அதனைக் குழப்புதல் கூடாது.

1922ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்றான். அதற்கு முன், இந்நோய் கண்ட சிறுவர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. அவனோ 1935 வரை வாழ்ந்தான். ஊசியை நிறுத்துவது, அந்தப் பழைய நாளுக்கே பிள்ளையைத் திருப்பி அனுப்புவதாகும்.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியவை இவை: சர்க்கரையை நாள்தோறும் சோதித்துக் குறித்து வையுங்கள். மருந்தளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் மருத்துவரிடமே விடுங்கள். கடுந்தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மயக்கம் ஆகியவை தோன்றினால், பொழுது விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சர்க்கரை இறங்கியது மகிழத்தக்கதே. ஆனால் அது நோய் தந்த ஓய்வே அன்றி, விடுதலை அன்று.