பிடிக்கும், பிடிக்காது என்பதோடு நின்றுவிடலாமா?



"அந்த நாடகம் எனக்கு நல்லாய்ப் பிடிக்கும்", "இந்த நிகழ்ச்சியைக் கண்ணிலும் காட்டக்கூடாது" - தொலைக்காட்சி உள்ள வீடுகளில் இப்பேச்சு எழாத நாளில்லை. பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும் இதே பேச்சுத்தான். ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடியாமற் போவது இயல்பே. ஆயினும், "ஏன் பிடிக்கும்? ஏன் பிடிக்காது?" என்று கேட்டால் நம்மிற் பலர் பதிலின்றி நிற்கிறோம். அந்த 'ஏன்' என்ற கேள்வியிலேதான் கிறிஸ்தவ மனச்சான்றின் வேலை தொடங்குகின்றது. இவ்வாரப் பாடம் அதைப் பற்றியதே.

திருச்சபை தொலைக்காட்சிக்குப் பகையன்று. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 செப்டம்பர் 8ஆந் திகதி திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை பற்றித் தனிச் சுற்றுமடலே எழுதினார். 1963 டிசம்பர் 4ஆந் திகதி 2ஆம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததோ 1979இல். ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரி 15இல். பெட்டி நம் வீட்டுக்கு வருமுன்னரே போதனை வந்துவிட்டது!

அவ்விதித்தொகுப்பு, நிகழ்ச்சிகளை ஆக்குவோருக்கு மட்டுமன்றிப் பார்ப்போருக்கும் கடமை உண்டு என்கிறது. எதைப் பார்ப்பது என்பதை நாமே தெரிந்து தேர்ந்துகொள்ள வேண்டும்; பிள்ளைகள் பார்ப்பவற்றில் பெற்றோர் விழிப்பாயிருக்க வேண்டும். இப்போதனையை மனத்திற்கொண்டு மூன்று உரைகற்களை இங்கு தருகிறோம். பெயர் சொல்லியே பேசுவோம். நாம் கூறுவது எமது கருத்து. ஒப்புக்கொள்ளாதவர்கள் தக்க காரணத்தோடு மறுக்கலாம்.

முதலாவது: தீமையை எவ்வாறு காட்டுகின்றது?

தீமையையே காட்டக்கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. மனிதனை ஆழமாக அறியவும், நன்மையின் மேன்மையை உணரவும் தீமையைச் சித்திரித்தல் உதவலாம்; ஆனால் அது ஒழுக்க நெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பதே சங்கத்தின் போதனை.

2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் வந்த 'மெட்டி ஒலி' எமக்குப் பிடித்த தொடர். தாயில்லாத ஐந்து பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்கும் ஒரு தந்தையின் கதை அது. அதிலும் கொடுமை உண்டு, சண்டை உண்டு, சந்தேகம் உண்டு. ஆனால் ஒவ்வொரு சுடுசொல்லும் எந்த இதயத்தைக் காயப்படுத்துகின்றது என்பதை அக்கதை மறைக்கவில்லை.

அதன் பின் வந்த பல தொடர்களில் இது தலைகீழானது. பட்டுச் சேலை உடுத்தி, நகை பூட்டி, நஞ்சு கலக்கவும் ஆள் வைத்துக் கொல்லவும் திட்டமிடும் மாமியும் மைத்துனியும் ஆண்டுக்கணக்காக வெற்றி கொள்கிறார்கள். நல்லவள் அழுதுகொண்டே இருக்கிறாள். கடைசி வாரத்தில் வரும் தண்டனை, முந்நூறு நாள் படிப்பித்த பாடத்தை அழித்துவிடுமா? இத்தகைய தொடர்கள் எமக்குப் பிடிக்காமைக்குக் காரணம் இதுவே.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' படித்த மருமக்களை அடக்கி வைக்கும் ஒரு குடும்பத் தலைவனின் அநீதியை எடுத்துக் காட்டிய தொடர். நோக்கம் நல்லதே. ஆனால் நடந்தது என்ன? அத்தலைவன் பெண்களை ஏளனமாக விளிக்கும் பேச்சே எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டது. எழுதியவர் கண்டிக்க எண்ணியதைப் பார்த்தவர்கள் இரசித்தார்கள். ஆகவே நிகழ்ச்சியை மட்டுமல்ல, அதைப் பார்த்து நாம் எதற்குச் சிரிக்கிறோம் என்பதையும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது: மனிதனை மனிதனாக மதிக்கின்றதா?

'சரிகமப' போன்ற பாட்டுப் போட்டிகளை நாம் விரும்பிப் பார்ப்போம். 2023 டிசம்பரில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி அந்தச் சிறுவர் போட்டியில் முதலிடம் பெற்றபோது மகிழாத ஈழத்தமிழர் இல்லை. அதே மேடையில் மலையகத்துப் பிள்ளையொன்றும் பாடியது. இறைவன் கொடுத்த தாலந்தைப் புதைத்து வைக்காமல் வளர்ப்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால், பிள்ளையின் வீட்டு வறுமையையும் இழப்பையும் மேடையில் கேட்டு, வழியும் கண்ணீரைக் கிட்டக் காட்டி, அதற்குச் சோக இசையும் சேர்ப்பது எமக்குப் பிடிக்கவில்லை. பாட்டுக்குப் புள்ளி போடலாம்; துயரத்துக்குப் போடலாமா?

2017 ஜூனில் தமிழில் தொடங்கிய 'பிக் பாஸ்' இவ்வுரைகல்லில் தேறவே மாட்டாது. சில மனிதரை ஒரு வீட்டில் அடைத்து, இரவு பகலாகக் கமரா வைத்து, அவர்கள் சண்டையிடுவதைப் பார்த்து, எவரை வெளியேற்றலாம் என்று வாக்களிப்பது பொழுதுபோக்கா? 2019இல் நம் நாட்டு இளம்பெண் ஒருவர் அதிற் பங்குபற்றினார். நெடுங்காலம் பிரிந்திருந்த தந்தை மகளை அவ்வீட்டில் வந்து சந்தித்தார். மனம் நொந்து மகளைக் கண்டித்தார். கதவைச் சாத்திவிட்டுப் பேசவேண்டிய குடும்பத் துயரத்தை ஊருலகம் விளம்பர இடைவேளையோடு பார்த்தது. நம் வீட்டில் இப்படி நடந்தால் யன்னலால் எட்டிப் பார்ப்பவனை என்ன சொல்லுவோம்?

மூன்றாவது: அணைத்த பின் வீட்டில் மிஞ்சுவது என்ன?

சின்னக் கணக்கொன்று பாருங்கள். நாளுக்கு அரை மணித்தியாலத் தொடர்கள் நான்கு. வாரத்தில் ஆறு நாட்கள். ஆண்டுக்கு 624 மணித்தியாலம். இரவு பகலாகக் கணக்கிட்டால் 26 முழு நாட்கள்! குடும்பமாகச் செபமாலை சொல்ல 20 நிமிடம் போதும். "நேரமில்லை, சுவாமி" என்று சொல்லுமுன் இக்கணக்கை ஒருமுறை நினையுங்கள்.

அப்படியானால் பெட்டியைத் தூக்கி எறிவதா? அது தீர்வன்று. இன்று "ரீ.வி.யை நிற்பாட்டு" என்று பெற்றோர் அதட்டியதும் பிள்ளை எழுந்து அறைக்குட் போய்க் கைத்தொலைபேசியைத் திறக்கிறது. விறாந்தையில் எல்லோரும் கூடிப் பார்த்தபோது பிள்ளை எதைப் பார்க்கிறது என்றாவது தெரிந்தது. தனியே பார்க்கும் பிள்ளைக்கு, கூட இருந்து காப்பது அதன் மனச்சான்று ஒன்றுதான். அந்த மனச்சான்றைப் பயிற்றும் இடம் வீடு. பயிற்றும் வழி, சேர்ந்து பார்ப்பதும், பார்த்ததைப் பற்றிப் பேசுவதுமே. அம்மம்மாவின் கருத்தும் வரட்டும், பத்து வயதுப் பேரனின் கருத்தும் வரட்டும். அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளும்படி புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதிய அறிவுரையின் பொருள் இதுவே.

தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி உண்டென்பது உங்களுக்குத் தெரியுமா? 1958இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் அசிசி நகர்ப் புனித கிளாராவை அதற்குப் பாதுகாவலியாக அறிவித்தார். நோயுற்றுப் படுத்த படுக்கையாயிருந்ததால் நத்தார் இரவு ஆலயத்துக்குப் போக முடியாதிருந்த அப்புனிதைக்கு, அங்கு நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே காணவும் கேட்கவும் இறைவன் அருளினார் என்பது வழிவழி வந்த வரலாறு.

நமக்கும் அத்தகைய ஒரு நாள் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் ஆலயங்களில் கூட முடியாதிருந்தபோது, ஏப்ரல் 28ஆந் திகதி கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சி வழியாகவே கண்ணீரோடு கண்டோம். சிறுவரின் அழுகையை விற்பதும் அதே பெட்டி. துயருற்ற சபையை ஒன்றுகூட்டியதும் அதே பெட்டி. தெரிவு நம் கையில்.

குடும்பச் சிந்தனைக்கு:

1. நம் வீட்டார் ஒவ்வொருவருக்கும் பிடித்த நிகழ்ச்சி எது? காரணம் என்ன?

2. கடந்த வாரம் நாம் பார்த்தவற்றில், மனிதரை இழிவுபடுத்தியதைக் கண்டு நாம் சிரித்த இடம் உண்டா?

3. குடும்ப செபத்துக்காக இவ்வாரம் எந்த ஒரு நிகழ்ச்சியை விட்டுக்கொடுக்கப் போகிறோம்?