மேம்படுத்திய மறுநாள் மெய்நிகர் கணினி திறக்க மறுத்தால்

வெர்சுவல்பாக்ஸ் மென்பொருளின் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் ஓர் அறிவிப்பு. பதிவிறக்கி நிறுவிவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். மறுநாள் காலை, அதற்குள் பல ஆண்டுகளாக வைத்திருக்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் திறக்கிறீர்கள். எக்ஸ்பியின் சின்னம் வருவதற்கு முன்பே பிழைச் செய்தி ஒன்று வந்து நிற்கிறது. அதில் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பின் பெயர், பக்கத்தில் கழித்தல் குறியோடு ஓர் எண். அவ்வளவுதான், உள்ளே போக முடியவில்லை.

அந்த எக்ஸ்பிக்குள் இருப்பது விளையாட்டாக இருந்தால் கவலையில்லை. கடையின் பழைய கணக்கு மென்பொருள் இருக்கலாம். சங்கத்தின் ஆண்டு மலர்கள் பேஜ்மேக்கர் பக்கங்களாக, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கலாம். அவற்றைப் புதிய விண்டோஸில் திறந்தால் எழுத்துகள் சிதறிப்போகும் என்பதால்தானே எக்ஸ்பியை இன்னும் கட்டிக்காக்கிறீர்கள்? ஆகவே எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பெயரிலுள்ள கோப்புறையில் 'வெர்சுவல்பாக்ஸ் விஎம்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதை முழுவதுமாக வெளி வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுத்து வையுங்கள். இது முடியும்வரை கீழே உள்ள எதையும் முயல வேண்டாம்.

இனி, கோளாறு எங்கே என்று பார்ப்போம். மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி. வெளியே விண்டோஸ் 10 அல்லது 11, உள்ளே எக்ஸ்பி. இரண்டுக்கும் தனித்தனி இயங்குதளக் கோப்புகள். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் பல கோப்புகளுக்கு இரண்டு பக்கத்திலும் ஒரே பெயர். பிழைச் செய்தியில் 'யுஎக்ஸ்தீம்.டிஎல்எல்' என்று கண்டவுடன், "ஐயோ, என் எக்ஸ்பி கெட்டுப்போய்விட்டது" என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்தச் செய்தி பேசுவது பெரும்பாலும் வெளியே உள்ள விண்டோஸைப் பற்றி.

பிரித்தறிய எளிய வழி உண்டு. எக்ஸ்பியின் சின்னம் தோன்றுவதற்கு முன்பே எல்லாம் நின்றுவிட்டால், கோளாறு பெரும்பாலும் வெளிக் கணினியில் இருக்கிறது. சின்னம் தோன்றி, பிறகு நீலத்திரை வந்தால் உள்ளே பாருங்கள். நம் உதாரணத்தில் சின்னமே வரவில்லை. ஆகவே எக்ஸ்பியின் கோப்புகளை இப்போது குறை சொல்லக் காரணமில்லை.

சரி, நேற்றுவரை ஓடியது மேம்படுத்தியவுடன் ஏன் நின்றது? இதற்கு 2014-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. ஜூலையில் வெர்சுவல்பாக்ஸின் 4.3.14 பதிப்பு வந்தது. விண்டோஸில் அதை நிறுவிய பலருக்கு மெய்நிகர் கணினிகள் திறக்கவே இல்லை; பழைய 4.3.12-க்கே திரும்பியவர்கள் ஏராளம். புதிய பதிப்பில் இருந்தது ஒரு பாதுகாப்புச் சோதனை. அந்தச் சோதனை இன்றைய பதிப்புகளிலும் தொடர்கிறது.

மெய்நிகர் கணினியை ஓட்ட, விண்டோஸின் கருவரை போன்ற உள்பகுதியான கெர்னலில் வெர்சுவல்பாக்ஸ் தன் இயக்கி ஒன்றை வைத்திருக்கிறது. மெய்நிகர் கணினியை நடத்தும் நிரலுக்கு அந்த இயக்கியோடு பேச அனுமதி உண்டு. அந்த நிரலுக்குள் ஒரு தீய டிஎல்எல் நுழைந்துவிட்டால், கருவரையின் சாவியே அதன் கைக்குப் போய்விடும். எனவே கொண்டோ வாசலில் பாதுகாவலர் ஐசி கேட்பதைப்போல, உள்ளே வரும் ஒவ்வொரு டிஎல்எல்லிடமும் மின்கையொப்பம் கேட்கிறது வெர்சுவல்பாக்ஸ்.

மின்கையொப்பம் எப்படி வேலை செய்கிறது என்பது சுவையான சங்கதி. ஒரு கோப்பின் எல்லா பைட்டுகளையும் கணக்குக்குள் போட்டு ஒரு சுருக்க எண்ணை எடுக்கிறார்கள். எஸ்எச்ஏ-256 முறையில் அது 256 பிட் நீளமானது. கோப்பு ஒரு பக்கக் கடிதமோ முழு அகராதியோ, நீளம் அதேதான். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைசாவியால் முத்திரையிடுகிறார். பிறகு யார் கோப்பைத் திருத்தினாலும் முத்திரை பொருந்தாது. நல்ல நோக்கத்தோடு திருத்தினாலும்தான்.

யுஎக்ஸ்தீம் இதற்கு நல்ல சான்று. விண்டோஸின் சாளரங்களுக்கு அழகு கூட்டும் கோப்பு அது. மைக்ரோசாப்ட் முத்திரையில்லாத தோற்றங்களை அது ஏற்காது. விதவிதமான தோற்றம் வேண்டும் என்பவர்களுக்காக, அந்தக் கோப்பையே திருத்தி அதன் சோதனையை முடக்கும் சிறு கருவிகள் வலம் வந்தன. திருத்திய பிறகும் விண்டோஸ் ஒழுங்காகவே ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. வெர்சுவல்பாக்ஸை மேம்படுத்திய அன்று குட்டு வெளிப்பட்டது. புதிய பதிப்பு எதையும் கெடுக்கவில்லை, ஏற்கனவே மாற்றப்பட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

உங்கள் கணினியில் மாட்டிக்கொண்டது எந்தக் கோப்பு என்று அறிய, மெய்நிகர் கணினியின் கோப்புறைக்குள் 'லாக்ஸ்' என்ற கோப்புறையைத் திறந்து, 'விபாக்ஸ்ஹார்டனிங்.லாக்' என்ற கோப்பை நோட்பேடில் பாருங்கள். மிக நீளமாக இருக்கும், மிரள வேண்டாம். நடுவில் ஒன்றிரண்டு கோப்புகள் மறுக்கப்பட்டிருந்தால் அது பல கணினிகளில் சாதாரணம். ஓட்டம் நின்றுபோன இடத்தை ஒட்டி, கடைசிப் பகுதியில் உள்ள பெயர்தான் முக்கியம். பெயருக்கு முன்னால் உள்ள பாதையையும் படியுங்கள்.

பாதை விண்டோஸ் கோப்புறையின் சிஸ்டம்32-ஐக் காட்டினால், வெளிக் கணினியின் இயங்குதளக் கோப்பு மாறியிருக்கக்கூடும். தோற்றம் மாற்றும் கருவி ஏதாவது இருந்தால் முதலில் அதை நீக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் சரிசெய்ததை அது மறுபடியும் மாற்றிவிடும். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து இரண்டு கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்பைத் தருகிறேன். முதலாவது: டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ரிஸ்டோர்ஹெல்த். ஒவ்வொரு சாய்கோட்டுக்கு முன்பும் ஓர் இடைவெளி. இது முடிந்த பிறகு இரண்டாவது: எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்.

பலர் எஸ்எஃப்சியை மட்டும் ஓட்டிவிட்டு, "சில கோப்புகளைச் சரிசெய்ய முடியவில்லை" என்ற பதிலோடு திகைத்து நிற்பார்கள். விண்டோஸ் தன் கோப்புகளின் நல்ல நகல்களைத் தனிக் கிடங்கு ஒன்றில் வைத்திருக்கிறது. எஸ்எஃப்சி அங்கிருந்துதான் எடுக்கும். கிடங்கே கெட்டிருந்தால் அது என்ன செய்யும்? டிஐஎஸ்எம் முதலில் அந்தக் கிடங்கைச் செப்பனிடுகிறது, தேவையானதை மைக்ரோசாப்டிடமிருந்து இறக்கிக்கொள்கிறது. ஆகவே இணைய இணைப்பு வேண்டும். இரண்டுமே சில வேளை ஒரே சதவீதத்தில் உறைந்ததுபோல் நிற்கும். சாளரத்தை மூடாமல் விட்டுவிடுங்கள். முடிந்தபின் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கோப்பின் பெயரைத் தேடினால் "இந்த டிஎல்எல் இங்கே இலவசம்" என்று அழைக்கும் தளங்கள் வரிசையாக வரும். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அது உங்கள் விண்டோஸ் பதிப்போடு பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை, உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது.

பாதை சிஸ்டம்32 அல்லாமல் ஆன்டிவைரஸ் போன்ற வேறு மென்பொருளின் கோப்புறையைக் காட்டினால், மேலே சொன்ன கட்டளைகளால் பயனில்லை. அந்த மென்பொருள் தன் டிஎல்எல்லை எல்லா நிரல்களுக்குள்ளும் நுழைக்கிறது, வெர்சுவல்பாக்ஸ் வாசலில் நிறுத்துகிறது. அந்த மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்படியும் மறுத்தால் வெர்சுவல்பாக்ஸை அதன் விதிவிலக்குப் பட்டியலில் சேருங்கள். ஆன்டிவைரஸை ஒரேயடியாக அணைத்துவிட்டு உட்காருவது எனக்கு உடன்பாடில்லை.

பிழை ஏதுமின்றித் திறந்து, ஆனால் ஆமை வேகத்தில் நகர்ந்தால் அது வேறு கதை. சாளரத்தின் கீழ்ப்பட்டையில் நிஜமாகவே ஒரு பச்சை ஆமை தெரிகிறதா பாருங்கள். விண்டோஸின் ஹைப்பர்-வி செயலியின் மெய்நிகர் வசதியைத் தன் கையில் வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இயங்குதளக் கோப்புகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

எதுவும் பலிக்கவில்லை என்றால் வெர்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டு, மறுதொடக்கம் செய்து, நிறுவு கோப்பை நிர்வாகி உரிமையோடு மறுபடி ஓட்டலாம். மென்பொருளை நீக்கினால் எக்ஸ்பியும் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அது உங்கள் கோப்புறையில் அப்படியே இருக்கும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வெர்சுவல்பாக்ஸின் பட்டியலில் எக்ஸ்பியை நீக்கச் சொன்னால், எல்லாக் கோப்புகளையும் அழிக்கவா, பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா என்று கேட்கும். அவசரத்தில் முதலாவதை அழுத்தி, ஆண்டுக்கணக்கான வேலையை இழந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய எக்ஸ்பியில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.

சிலர் புதிதாக ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கி, அதில் பழைய வட்டுக் கோப்பை இணைத்துப் பார்ப்பார்கள். நல்ல யோசனைதான், இரண்டு நிபந்தனைகள். பழைய கணினியில் ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தால் மூல வட்டைத் தனியே இணைக்காதீர்கள். அதற்குப் பிந்தைய மாற்றங்கள் எல்லாம் வேறு கோப்புகளில் இருக்கின்றன, மூலத்தில் எழுதினால் அவை பொருந்தாமல் போகும். அடுத்து, முன்பு ஐடிஇ கட்டுப்பாட்டில் இருந்த வட்டை அதிலேயே இணையுங்கள். சாட்டாவில் மாட்டினால், அதற்கான இயக்கி இல்லாத எக்ஸ்பி 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை காட்டும். அதைக் கண்டு எக்ஸ்பியின் கோப்புகளைச் சரிசெய்யக் கிளம்பினால், அது எக்ஸ்பி நிறுவிய பழைய குறுந்தட்டைக் கேட்கும். அந்தத் தட்டு இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? வட்டை ஐடிஇக்கு மாற்றினால் போதும், எக்ஸ்பி எழுந்துகொள்ளும்.