தெசுலாச் சுருளின் முடிவளையம்

உயர் மின்னழுத்தத்தை உண்டாக்குதல் ஒரு கலை. உண்டாக்கியதைச் சிந்தாமற் காத்தல் மற்றொரு கலை. பௌதிகம் பயிலும் மாணவர் முன்னதில் ஊக்கங் கொள்வர். பின்னதைப் பெரிதும் மறப்பர். ஆதலின், தெசுலாச் சுருளின் உச்சியில் அமரும் உலோக வளையத்தை வீட்டிலேயே ஆக்குமாற்றையும், அவ்வடிவின் காரணத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

நிக்கொலா தெசுலா 1902 இல் விண்ணப்பித்து 1914 இல் பெற்ற ஆக்கவுரிமைப் பத்திரத்திலே, வளையச் சட்டமொன்றை அரைக்கோளத் தகடுகளாற் போர்த்த முடி கூறப்பட்டுள்ளது. உழுந்துவடையை ஒத்த இவ்வடிவம் அழகு கருதியதன்று. காற்று சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று வரையே மின்புலத்தைத் தாங்கும், அதற்குமேற் கடத்தியாகிவிடும். தனித்த கோளமொன்றின் மேற்பரப்பிலுள்ள புலம், அதன் அழுத்தத்தை ஆரையால் வகுக்க வருவதாகும். எனவே 5 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கோளம் 150,000 வோல்ற்று வரையும், 15 சென்ரிமீற்றர் ஆரையுள்ளது 450,000 வோல்ற்று வரையும் தாங்கும். ஊசிமுனையோ சில ஆயிரம் வோல்ற்றிலேயே மின்னேற்றத்தைக் காற்றிற் கசியவிடும்.

அங்ஙனமாயின் கோளமே அமையாதோ எனின், அகன்ற வளையத்திற்கு மேலுமொரு சிறப்புண்டு. அது தனக்குக் கீழுள்ள துணைச்சுருளின் மேற்சுற்றுக்களைத் தன் புலத்தாற் காக்கின்றது. பொறிகளை வெளிவிளிம்பிலிருந்து பக்கவாட்டிற் செலுத்துகின்றது.

இனி ஆக்குமுறை. 7.5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள, வளையக்கூடிய அலுமினியக் காற்றுக்குழாய் ஒன்றை எடுப்போம். வெளிவிட்டம் 30 சென்ரிமீற்றராக வேண்டின், குழாயின் நடுக்கோட்டு விட்டம் 22.5 ஆகும், எனவே நீளம் ஏறத்தாழ 71 சென்ரிமீற்றர். அதனை வட்டமாக வளைத்து, இரு முனைகளையும் அலுமினிய ஒட்டுநாடாவாற் பொருத்துக. 20 சென்ரிமீற்றர் வாயகலமுள்ள இரு அலுமினியக் கேக்குத் தட்டுக்களை அடியோடடி சேர்த்து, வளையத்தின் நடுவே மேலொன்றுங் கீழொன்றுமாக வைத்து, மரையாணியால் இறுக்குக. தட்டுக்களின் கூரிய விளிம்புகளையும் குழாயின் மடிப்புக்களையும் நாடாவால் மூடி, கரண்டியின் புறத்தால் தேய்த்து மழமழப்பாக்குக. துருத்திநிற்கும் ஒரு சிறு நாடாமுனை முழு வேலையையும் வீணாக்கிவிடும். இறுதியாகத் துணைச்சுருளின் மேல்முனைக் கம்பியை வளையத்தோடு இணைக்க.

இவ்வளவினதான வளையத்தின் கொள்ளளவம் ஏறத்தாழ 13 பிக்கோபரட்டு. இது சேர்வதாற் சுருளின் பரிவு மீடிறன் குறையும். மொத்தக் கொள்ளளவம் நான்கு மடங்காயின் மீடிறன் பாதியாகும். ஆகவே வளையத்தை மாற்றுந்தோறும், முதற்சுருளில் இணைப்புப் புள்ளியை நகர்த்திப் பரிவை மீண்டுங் காணல் வேண்டும்.

வளையத்தை ஆக்குவதில் ஆபத்தில்லை. அதற்கு மின்னூட்டுவதிலேயே உயிராபத்து உண்டு. உயர் மீடிறன் மின்னோட்டம் தோலின்மேலே சென்றுவிடும், உடலைத் தீண்டாது என்பது பொய்யான நம்பிக்கை. ஆழமான தீப்புண்ணை அது விளைக்கும். அதனினுங் கொடியது அடியிலுள்ள நிலைமாற்றி. நியோன் விளக்கின் நிலைமாற்றி 15,000 வோல்ற்றுவரை தரவல்லது. நுண்ணலை அடுப்பின் நிலைமாற்றி 2,000 வோல்ற்றளவே தரினும் ஓட்டம் மிகுந்ததாதலின், தொட்டாரைக் கொல்லும். ஆளியைத் திறந்து மின்னை நிறுத்திய பின்னரும் கொள்ளளவியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். எனவே அனுபவமுள்ள ஆசிரியர் அருகில் இன்றி மின்னூட்டற்க. துணைச்சுருளின் கீழ்முனையை வீட்டு மின்னமைப்பின் புவித்தொடுப்பில் இணையாது, நிலத்திற் புதைத்த தனிக் கோலில் இணைக்க.

மாணவர் வளையத்தைத் தம் கையால் ஆக்குக. மின்னூட்டும் வேளைக்குப் பொறுத்திருக்க. கூர்மை எங்குளதோ அங்கே மின் கசியும் என்னும் உண்மையை, விளிம்பைத் தேய்க்கும் விரல்களே நன்கு கற்றுக்கொள்ளும். அக்கல்விக்கு ஒரு வோல்ற்றும் வேண்டுவதில்லை.