ஊதா நிறமும் நீலப் படமும்

வெயில் இருக்கையில் விளக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கோவண்டியில் ஓர் ஆடி மாதத்தைக் கழித்தவர் அப்படிக் கேட்கமாட்டார்.

1842ல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த நீலப்பட முறை மிக எளிது. இரு உப்புகளைக் கரைத்துத் தாளில் பூசி, அதன்மேல் இலையையோ நெகட்டிவையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்கிறோம். ஒளி பட்ட இடத்தில் பிரஷ்ய நீலம் உண்டாகிறது; படாத இடம் தண்ணீரில் கழுவிப் போய்விடுகிறது. மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடியில் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. மழை வந்தது, மாடியும் போயிற்று.

அறை நண்பர் கடைக்குப் போய், "ஊதா விளக்கு" என்று கேட்டு ஒரு குழாய் விளக்கை வாங்கி வந்தார். ஒரு மணி நேரம் எரித்தோம். தாள் மஞ்சளாகவே இருந்தது. கழுவியதும் எல்லாம் ஓடிப்போயிற்று. அன்றிரவு இருவருக்கும் கண்ணில் மணல் விழுந்தாற்போல் எரிச்சல்! குறைய இரண்டு நாள் ஆயிற்று.

நாங்கள் வாங்கியது கிருமி கொல்லும் விளக்கு. அதன் கதிரின் அலைநீளம் சுமார் 254 நானோமீட்டர். சாதாரணக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். ஆகவே தாளுக்கு அது சேரவில்லை. எங்கள் கண்ணுக்குத் தாராளமாய்ச் சேர்ந்தது. அதை எரியவிட்டு அறையில் நிற்பதே தவறு.

நமக்கு வேண்டியது 350 முதல் 400 வரையுள்ள கதிர். அதைத் தரும் குழாய்களில் பி.எல்., பி.எல்.பி. என இரு வகை உண்டு. பின்னது கறுத்த கண்ணாடியாலானது; கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் மறைக்கும். நாடக மேடைக்கு அது அழகு. படத்திற்கு வெள்ளைக் குழாயே போதும், விலையும் குறைவு. எல்.இ.டி. வாங்குவோர் 365 என்றிருப்பதைத் தேடுக. 395 கண்ணுக்கு அதிக ஊதாவாய்த் தோன்றும். ஆனால் நமது தாள் அவ்வளவு விரைவில் மசியாது.

விளக்கின் வடிவமும் முக்கியம். ஒற்றை விளக்கின் முன் கையை மடக்கி மான் காட்டினால் சுவரில் கொம்பும் தெரியும். வரிசையான குழாய்களின்கீழ் மான் கரைந்துவிடும். அவ்வாறே, குழாய் ஒளியில் நெகட்டிவ் தாளோடு இறுக ஒட்டாவிட்டால் கோடுகள் மங்கும். மெட்டல் ஹாலைடு விளக்கு ஒரு புள்ளியிலிருந்து எரிவதால், நுண்ணிய கோடு வேண்டும் திரை அச்சுக்காரர் அதை விரும்புவர். ஆனால் அது சூடேறச் சில நிமிடம் பிடிக்கும். அணைத்தால் ஆறிய பிறகே மீண்டும் எரியும்.

நாங்கள் நான்கு பி.எல். குழாய்களைப் பலகையில் நெருக்கிப் பொருத்தினோம். அட்டையால் மூடி, ஐந்தைந்து நிமிடமாய்த் திறந்து ஒரு சோதனைத் தாள் எடுத்தோம். இருபதாம் நிமிடத்துப் பட்டை நன்றாயிருந்தது. மறுநாள், வெளியே மழை கொட்டுகையில், ஒரு கறிவேப்பிலைக் கொத்தை அச்சிட்டோம்.