கஞ்சக் கருவியும் அதனைக் காக்கும் முறையும்

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுப்பர். தோல் கிழிந்தால் வேறு தோல் போர்க்கலாம். நரம்பு அறுந்தால் வேறு நரம்பு கட்டலாம். கஞ்சக்கருவி வெடித்ததாயின் அதனை உருக்கி வேறொன்று வார்ப்பதன்றிச் செய்யத்தக்கது பிறிதில்லை. அவ்வாறாகவும், மிருதங்கத்துக்கு உறை தைத்து வைப்போரே தாளத்தை மேசை இழுப்பறையில் வெண்கட்டித் துண்டுகளோடு எறிந்துவிடுதலை யாம் பல பாடசாலைகளிற் கண்டிருக்கின்றோம். “வெண்கலந்தானே, அதற்கு என்ன வரும்?” என்பர். என்ன வரும் என்பதையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

கஞ்சம் என்பது வெண்கலத்தின் பெயர். மலைபடுகடாத்திலே கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளுள் ஒன்றாகக் கூறப்படும் பாண்டில், உருக்கித் தகடாகத் தட்டிய கஞ்சதாளமேயாம். கோயிலிலே பெரிய மேளத்தோடு ஒலிப்பதைத் தாளம் என்றும், நாட்டுக்கூத்தில் மத்தளத்தோடு ஒலிப்பதைச் சல்லாரி என்றும், பாடசாலைப் பாண்ட் வாத்தியத்தில் ஒலிக்கும் அகன்ற தட்டைச் சிம்பல் என்றும் வழங்குகின்றோம். வடிவும் பருமனும் வேறாயினும் இனம் ஒன்றே. வறியவரைச் ‘சோற்றுக்குத் தாளம் போடுகின்றார்’ எனவும், முகமன் கூறுவோரை ‘ஜால்ரா அடிக்கின்றார்’ எனவும் உலகத்தார் இகழ்தல், இக்கருவி முற்பிறப்பிற் செய்த வினைப்பயன் போலும்!

இதன் அருமையை உணர்தற்குத் திருக்கோலக்கா வரலாறு ஒன்றே சாலும். சீகாழிக்கு அணித்தாகிய அத்தலத்திலே திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் சிறு கைகளைத் தட்டிப் பாட, அக்கைகள் நோகுமே எனத் திருவுளம் இரங்கிய இறைவர் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் அருளினார் எனப் பெரியபுராணம் கூறும். அத்தாளத்துக்கு ஓசை அளித்தவர் அம்மையார் என்பது தலவரலாறு. அதனால் அவருக்கு ஓசைகொடுத்தநாயகி என்று திருநாமம். வகுப்பில் இதனைக் கற்பித்தபோது, “தாளத்தைக் கொடுத்தபின் ஓசையைத் தனியே கொடுப்பானேன்?” என்று மாணவன் ஒருவன் எம்மை வினாவினான். நல்ல வினா. பொன் மிக மெல்லிய உலோகம்; அதனைத் தட்டினால் அதிர்வு எழுந்தவுடனே அடங்கும். விலையில் உயர்ந்த பொன்னுக்கு இல்லாத நாதம் வெண்கலத்துக்கு உண்டு. அது எங்ஙனம் வந்தது என அறிந்தாலன்றி அதனைக் காத்தல் இயலாது.

மணி வார்க்கும் வெண்கலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் உண்டு. துருக்கி மரபிற் சிம்பல் செய்வோர் 80க்கு 20 என்னும் அளவைக் கொள்வர். அவர்களுட் புகழ்பெற்ற சில்ஜியன் குடும்பத்தார் 1623இல் கொன்சுதாந்திநோபிளிலே தொடங்கிய தொழிலை 1929 முதல் அமெரிக்காவில் நடத்தி வருகின்றனர். செம்பு வளையும், வெள்ளீயமும் வளையும், இரண்டும் இவ்வளவிற் கலந்தால் வருவதோ எளிதில் வளையாது. அவ்வன்மையினாலேயே அதிர்வு நெடுநேரம் நிற்கின்றது. அவ்வன்மையினாலேயே அது உடையவும் செய்கின்றது. பித்தளைச் செம்பு கீழே விழுந்தால் நெளியும். வெண்கலத் தாளம் விழுந்தால் வெடிக்கும்.

இதனை யாம் படித்து அறிந்ததோடு இழந்தும் அறிந்தோம். எமது பிரார்த்தனை மண்டபத்திலே பழைய மாணவர் ஒருவர் உபகரித்த தாளச்சோடி ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தேவாரத்துக்கு அதுவே ஒலிக்கும். ஒருநாள் கயிறு அறுந்து ஒரு தாளம் சீமெந்து நிலத்தில் வீழ்ந்தது. எடுத்துப் பார்த்தோம், கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. அடித்தபோதோ, ‘ணங்’ என்று நீளும் ஒலி ‘டக்’ என்று நின்றது. வெளிச்சத்திற் பிடித்து நோக்க, விளிம்பிலே மயிரிழை போன்றதொரு வெடிப்புத் தெரிந்தது. கன்னார் ஒருவரிடம் கொண்டு சென்று பற்றாசு வைத்து ஒட்டுவித்தோம். வெடிப்பு மறைந்தது, ஓசை மீளவில்லை. பற்றாசின் மெல்லிய உலோகம் அதிர்வை விழுங்கிவிடுகின்றது. பெருஞ்சூட்டில் ஒட்டுவித்தாலோ, வினைஞர் காய்ச்சித் தோய்த்துத் தட்டி அமைத்த உள்ளமைதியே கெடும். வெடிப்பின் நுனியிலே சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது சிலகாலம் தடைப்படும்; அவ்வளவே.

கயிறு அறுந்தது கயிற்றின் குற்றமன்று. பல ஆண்டு அதனை மாற்றாதிருந்த எமது குற்றம். துளையின் ஓரம் கூரிதாயின் ஒவ்வோர் அடியிலும் கயிற்றை அறுக்கும். ஆதலின் ஓரத்தை மழுக்கி, துளையுள் துணி சுற்றிய பருத்திக் கயிற்றையே கோத்தல் வேண்டும். கம்பி கோப்போரும் உளர். கம்பி அறாது, ஆயின் அது துளையையே அறுத்துவிடும். தாங்கியில் நிறுத்தும் சிம்பலுக்கும் இதுவே நியாயம். இரும்புத் தண்டுக்கும் துளைக்கும் இடையே ஒரு குழாயும், தட்டின் கீழும் மேலும் கம்பளித் தட்டைகளும் இருத்தல் வேண்டும். இவை தேய்ந்தபின் வாளா விட்டால் வட்டத்துளை ஒருபுறம் நீண்டு, அவ்விடத்தில் வெடிப்புத் தொடங்கும். மேலுள்ள திருகை இறுக முறுக்குதலும் தீது; தட்டு அசைந்தாடினாலன்றி அடியின் வேகம் அதனுள்ளேயே தங்கும்.

விழுதல் ஒருகணத்திற் கொல்லும். மினுக்குதல் மெல்லக் கொல்லும். நவராத்திரிக்கு முதல்நாள் மாணவரை அழைத்து, புளியும் உப்பும் செங்கற்பொடியும் கொடுத்துத் தாளங்களை மினுக்குவித்த காலம் எமக்கும் இருந்தது. பொன்போல் ஒளிர்ந்தன, மகிழ்ந்தோம். சில மாதங்களின்பின் வெளிறிய பச்சைப் புள்ளிகள் பொடியாக உதிரத் தொடங்கின. செங்கற்பொடி ஒவ்வொரு முறையும் உலோகத்தையே சுரண்டுகின்றது. புளி களிம்பை நீக்கும். நன்றாகக் கழுவினால் அதனாற் பெருந்தீங்கில்லை. உப்பே பகை. உப்பிலுள்ள குளோரின் செம்போடு சேர்ந்து, ஈரமும் காற்றும் கிடைக்குந்தோறும் உள்ளே உள்ளே தின்றுகொண்டு செல்லும். கடற்காற்று வீசும் எம் குடாநாட்டிலே உப்பை நாமாகவும் பூசுதல் வேண்டுமோ? கைவியர்வையிலும் உப்பு உண்டு. பூசையில் இட்ட சந்தனமும் குங்குமமும் அடுத்த நவராத்திரி வரை அப்படியே இருத்தல் பலவிடங்களிற் காணும் காட்சி. அவை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். விசயதசமியன்றே துடைத்துவிடல் தகும். தேங்காயெண்ணெய் பூசுதலும் வேண்டா. அது நாட்பட்டுச் சிக்கேறிப் பச்சையாகும்.

வெண்கலம் தானாகக் கொள்ளும் கபிலநிறம் அழுக்கன்று. அது அதன் கவசம். வாசித்து முடிந்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்தலே போதும். அழுக்குப் படிந்தால் மென்சவர்க்காரம் இட்ட இளஞ்சூட்டு நீரிற் கழுவி, ஈரம் அறத் துடைத்து, வெவ்வேறு துணிகளிற் சுற்றி வைக்கலாம். தோற்பையும், வாய் கட்டிய பிளாத்திக்குப் பையும் ஈரத்தை அடைப்பன.

அடிக்கும் முறையைப் பற்றியும் ஒரு சொல். இரு தாளங்களையும் நேருக்கு நேர் மூடுமாறு மோதலாகாது. இடையில் அகப்பட்ட காற்று ஓசையை அடக்கும், விளிம்போடு விளிம்பு மோதி வெடிக்கும். சற்றே சரித்து, ஒன்றன் விளிம்பு மற்றதன் முகத்தைத் தழுவிச் செல்லுமாறு அடித்தல் வேண்டும். சிம்பலையும் கோலாற் சரித்தே அடித்தல் நன்று. புதிதாகப் பழகும் சிறுவர் வலிமையையே இசையென நினைப்பர்; முதல் மாதம் ஆசிரியர் அருகில் நிற்றல் நலம்.

இப்போது பிரார்த்தனை மண்டபத்தில் வேறு சோடி உண்டு. நவராத்திரிக்கு முதல்நாள் மாணவர் செங்கற்பொடி தேடுவதில்லை; பழைய கயிற்றைக் கழற்றிப் புதியது கோக்கின்றனர். வெடியாது எஞ்சிய அப்பழைய தாளம், தன் துணையை இழந்தமையால், வேறெதனோடும் சுருதி சேராததாயிற்று. அதனை மண்டபத்து வாயிலிலே தூக்கியிருக்கின்றோம். காலைப் பிரார்த்தனைக்கு மாணவரை அழைக்க, மரக்கோலால் அதனை மூன்றுமுறை தட்டுகின்றனர்.