தொலைக்காட்சியில் பேச்சுத் தெளிவாகக் கேட்பதற்கு: வெளி ஒலிபெருக்கி பற்றிய ஒரு பாடம்

தொடர்மாடி வீடொன்றில் தனியே வாழும் முதியவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மாலைச் செய்தியைப் பார்ப்பது அவருடைய நாளாந்த வழக்கம். செய்தி வாசிப்பவரின் குரல் கேட்கிறது. ஆனால் சொற்கள் பிடிபடவில்லை. அவர் ஒலியைக் கூட்டுகிறார். அப்போதும் விளங்கவில்லை, மேலும் கூட்டுகிறார். சில கிழமைகளில் மேல்மாடி அயலவர் கதவைத் தட்டுகிறார். பின்னர் வீட்டுவசதிச் சங்கத்திலிருந்து கடிதம் வருகிறது. மனம் நொந்த முதியவர் செய்தி பார்ப்பதையே கைவிடுகிறார்.

பல வீடுகளில் இத்தகைய துன்பத்தைச் சிறு செலவில், சில வேளைகளில் செலவே இன்றி, தவிர்த்துக்கொள்ளலாம். அதற்கான வழிகளை இப்பாடம் விளக்குகிறது.

1. ஒலி ஏன் தெளிவற்றிருக்கிறது?

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆழமானவை. அவற்றில் ஒலிபெருக்கியைப் பார்ப்பவரை நோக்கிப் பொருத்த இடமிருந்தது. இன்றைய தட்டையான தொலைக்காட்சிகளில் அந்த இடமில்லை. ஆகவே சிறிய ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்பக்கமாகவோ பொருத்தப்படுகின்றன. ஒலி சுவரிலும் மேசையிலும் பட்டுத் திரும்பியே நம் காதை அடைகிறது.

பேச்சில் உயிரொலிகள் வலிமையானவை. மெய்யொலிகள், குறிப்பாக ச, த, ஃப போன்றவை, மெலிந்தவை. ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய நமக்கு உதவுபவை பெரும்பாலும் இந்த மெல்லிய ஒலிகளே. எதிரொலியில் முதலில் மறைபவையும் இவையே. ஒலியைக் கூட்டும்போது இசையும் இரைச்சலும் எதிரொலியும் சேர்ந்தே கூடுகின்றன. அதனால் சத்தம் பெருகுகிறதேயன்றித் தெளிவு பெருகுவதில்லை.

டெனிஷ் மொழியில் சொல்லின் இறுதியொலிகள் பெரும்பாலும் விழுங்கப்படுகின்றன, மெய்யொலிகளும் மென்மையாகின்றன. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர் கேளாத ஒலியைத் தாமே ஊகித்து நிரப்பிக்கொள்வார். வளர்ந்த பின் அம்மொழியைக் கற்றவருக்கு அவ்வூகம் எளிதில் வராது. ஆகவே தெளிவான ஒலி நம்மவருக்கு இன்னும் முக்கியமானது.

2. பணம் செலவிடுமுன் செய்ய வேண்டியவை

அ) தொலைக்காட்சியின் ஒலி அமைப்பைத் திறந்து, பேச்சு அல்லது செய்திக்குரிய தெரிவு இருப்பின் அதைத் தேர்ந்தெடுங்கள். திரையரங்கு, இசை, சூழொலி முதலிய தெரிவுகளை நிறுத்துங்கள்.

ஆ) இரவு நேரத் தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லிய ஒலியை உயர்த்தும்.

இ) தொலைக்காட்சி அலுமாரித் தட்டுக்குள் ஒடுங்கியிருந்தால் அதை முன்விளிம்புக்கு நகர்த்துங்கள்.

ஈ) வெறுந்தரையும் வெறுஞ்சுவரும் கண்ணாடி யன்னலும் ஒலியைத் திருப்பியனுப்பும். ஒரு கம்பளமும் தடித்த திரைச்சீலையும் எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும்.

உ) டெனிஷ் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு டெனிஷ் துணையெழுத்து உண்டு. ரிமோட்டில் அதற்குரிய பொத்தானை அழுத்துங்கள். காதும் கண்ணும் சேர்ந்து கற்கும்போது மொழியும் வளரும்.

3. வெளி ஒலிபெருக்கி வகைகள்

இன்று உலகெங்கும் பயன்படும் சுருளியக்க ஒலிபெருக்கியின் வரலாற்றில் இந்நாட்டுக்கும் பங்குண்டு. ஃபால்ஸ்டர் தீவில் பிறந்த பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிட்ஹாமுடன் சேர்ந்து அதை கலிபோர்னியாவில் உருவாக்கி, 1915ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். 1925இல் ஸ்ட்ரூயர் நகருக்கு அருகில் தொடங்கிய பேங் அண்ட் ஒலுஃப்சன் நிறுவனத்தின் பெயரும் நீங்கள் அறிந்ததே. ஆயினும் செய்தி விளங்குவதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

சவுண்ட்பார்: திரையின் கீழே வைக்கும் நீண்ட ஒலிபெருக்கி. நடு ஒலிபெருக்கி தனியாக உள்ளதா என்று கடையில் கேளுங்கள். பல நிகழ்ச்சிகளிலும் திரைப்படங்களிலும் பேச்சு நடுத்தடத்திலேயே பதியப்படுகிறது. அதற்கெனத் தனி ஒலிபெருக்கி இருந்தால் பேச்சு இசையில் கரையாது.

மின்பெருக்கி உள்ளடங்கிய இரு ஒலிபெருக்கிகள்: திரையின் இருபுறமும் வைப்பவை. இசையை விரும்புவோருக்கு ஏற்றவை.

பழைய ஸ்டீரியோ: வீட்டில் பழைய பெருக்கியும் ஒலிபெருக்கிகளும் இருந்தால் அவையே போதும். பெருக்கி இல்லாத ஒலிபெருக்கியைத் தொலைக்காட்சியுடன் நேரே இணைக்க இயலாது. பழைய பொருட் கடையில் வாங்கும்போது இதை மறவாதீர்கள்.

கதிரை அருகே வைக்கும் சிறிய ஒலிபெருக்கி: தனித்து வாழும் முதியவருக்குப் பெரும்பாலும் இதுவே சிறந்தது. ஒலிபெருக்கிக்கும் காதுக்கும் இடையேயான தூரம் பாதியாகும்போது, நேராக வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் உயர்கிறது. நான்கு மீற்றரில் இருந்த ஒலி ஒரு மீற்றருக்கு வந்தால் 12 டெசிபெல் கிடைக்கும். ஒலியைக் கூட்டாமலேயே பேச்சு விளங்கும், அயலவருக்கும் இடையூறில்லை.

4. இணைக்கும் முறை

முதலில் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பாருங்கள்.

எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றின் அருகே ஏ.ஆர்.சி. அல்லது இ.ஏ.ஆர்.சி. என எழுதப்பட்டிருந்தால் அதுவே முதல் தெரிவு. கேபிளின் மறுமுனையையும் சவுண்ட்பாரில் அதே பெயருள்ள துளையிலேயே செருக வேண்டும். பெரும்பாலும் தொலைக்காட்சியின் ரிமோட்டாலேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கலாம்.

அது இல்லையெனில் ஒளிக்கேபிளைப் பயன்படுத்தலாம். அதன் இரு முனைகளிலும் உள்ள சிறிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிய பின்னரே செருகுங்கள். ஒலி வராவிட்டால், தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டை பி.சி.எம். என மாற்றிப் பாருங்கள். பழைய கருவிகளுக்குத் தலையணி ஒலிபெருக்கியின் (ஹெட்போன்) துளை உதவும்.

புளூடூத் வசதியானது, ஆனால் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் போகலாம். உதடு பார்த்து மொழியறிபவர் வயர் இணைப்பையே நாடுவது நல்லது.

இறுதியாக, தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலித்தால் புதிய எதிரொலி உண்டாகும்.

5. அயலவரும் வீட்டு ஒழுங்கும்

தாழ்ந்த அதிர்வுள்ள ஒலி கொங்கிறீற் தளத்தையும் சுவரையும் எளிதில் கடக்கும். எனவே தொடர்மாடியில் வாழ்வோர் தனியான தாழ்தொனிப் பெட்டியைத் தவிர்ப்பது நன்று. ஏற்கெனவே இருந்தால் தடித்த இறப்பர் விரிப்பின் மேல் வைத்து, ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொது வீட்டுவசதிச் சங்க வீடுகளில் இரைச்சல் வீட்டு ஒழுங்கு விதிகளை மீறுவதாகக் கொள்ளப்படலாம். அத்தகைய விடயம் குடியிருப்பாளர் முறைப்பாட்டுச் சபையிடம் செல்லலாம். அச்சபைக்கு எச்சரிக்கை வழங்கவும், வாடகை ஒப்பந்தத்தை நிபந்தனைக்கு உட்படுத்தவும் அதிகாரம் உண்டு. ஆகவே வரும் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். குறித்த காலத்துக்குள் பதிலளியுங்கள். எடுத்த நடவடிக்கையைப் பதிலில் எழுதுங்கள். ஒலிபெருக்கியைக் கதிரை அருகே வைத்தேன் என்ற ஒரு வரி, சினமாக எழுதிய ஒரு பக்கத்தை விடப் பயன்தரும்.

6. குறை கருவியிலா, காதிலா?

நேருக்கு நேர் பேசுபவரின் சொற்களும் மங்கலாகக் கேட்கின்றனவா? தொலைபேசியில் பேச்சு விளங்கவில்லையா? பலர் கூடிய இடத்தில் உரையாடலைத் தொடர முடியவில்லையா? அவ்வாறாயின் ஒலிபெருக்கி மட்டும் போதாது. வயது முதிரும்போது உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. மேலே கூறிய மெல்லிய மெய்யொலிகள் அந்த எல்லைக்குள் அடங்குபவை. சிலருக்குக் காதழுக்கை அகற்றினாலே போதும்.

முதலாம் பிரிவுச் சுகாதாரக் காப்புறுதி உடையவர்கள், குடும்ப வைத்தியரின் பரிந்துரையின்றியே காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் நேரம் பதியலாம். மொழிபெயர்ப்பாளர் தேவையாயின் பதியும்போதே தெரிவித்து, கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். கேட்டற் கருவி தேவைப்பட்டால் பொது மருத்துவமனையின் செவிப்புலன் பிரிவில் இலவசமாகப் பெறலாம். தனியார் நிலையத்தில் வாங்கினால் அரச மானியம் ஒரு பகுதியை ஈடுசெய்யும். தொலைக்காட்சி ஒலியை நேரே காதுக்கு அனுப்பும் துணைக்கருவிகளும் உள்ளன. கேட்டற் கருவி அணிவது வெட்கத்துக்குரியதன்று. கண்ணாடி அணிவதை ஒத்தது.

7. வாங்குவோரின் உரிமை

இணையத்தில் வாங்கிய பொருளை, பெற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள் திருப்பித்தருவதாக அறிவிக்கலாம். கடையில் நேரில் வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித்தரும் உரிமை சட்டத்தில் இல்லை. கடை தானே அனுமதித்தால் மட்டுமே உண்டு. ஆகவே பணம் செலுத்துமுன் கேட்டறிந்து, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

பொருளில் குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுகள் வரை விற்றவரிடம் முறையிடலாம். உற்பத்தியாளரிடம் போகுமாறு கடை உங்களை அனுப்பிவிட முடியாது. 2022 சனவரி 1 முதல் வாங்கிய பொருளாயின், முதல் 12 மாதங்களுள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். பற்றுச்சீட்டைப் படமெடுத்துச் சேமித்து வையுங்கள். பழுதான பழைய கருவிகளை நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படையுங்கள். குப்பைப் பெட்டியில் இடாதீர்கள்.

பயிற்சி

1. துணையெழுத்தை நிறுத்திவிட்டு, செய்தியில் ஐந்து வசனங்களைக் கேட்டு எழுதுங்கள். பின்னர் துணையெழுத்துடன் மீண்டும் பார்த்து, எத்தனை சொற்கள் தவறின என்று எண்ணுங்கள்.

2. இரண்டாம் பகுதியில் கூறிய மாற்றங்களைச் செய்து வேறு ஐந்து வசனங்களுடன் இதையே செய்யுங்கள். தவறிய சொற்கள் குறைந்தால் புதிய கருவி வாங்க அவசரப்பட வேண்டாம்.

3. ஒலியைக் கூட்டாமல் கதிரையைத் தொலைக்காட்சியின் அருகே நகர்த்திக் கேளுங்கள். அப்போது விளங்கினால் அருகில் வைக்கும் ஒலிபெருக்கி உங்களுக்கு உதவும். அப்போதும் விளங்காவிட்டால் காது நிபுணரிடம் நேரம் பதியுங்கள்.

பெற்றோரோ அயலில் வாழும் முதியவரோ தொலைக்காட்சி பார்ப்பதை அண்மையில் நிறுத்தியிருந்தால், காரணத்தைக் கனிவோடு கேளுங்கள். ஒருவர் செய்தி கேட்பதை நிறுத்தும்போது ஊரோடும் உலகோடும் கொண்ட உறவில் ஓர் இழை அறுகிறது. அதை மீண்டும் முடிவதற்குச் சில வேளைகளில் ஒரு கேபிளும் அரைமணி நேரமும் போதும்.