துருப்பு எது?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைக் கணிதம்)

சென்ற சாரலில் குற்றாலப் பேரருவியில் வெள்ளம் பெருகவே குளிக்கத் தடை விதித்தார்கள். தென்காசியிலிருந்து சென்றிருந்த நாங்கள் நால்வரும் விடுதியில் பிரிட்ஜ் ஆட அமர்ந்தோம். சித்தப்பா என் கூட்டாளி. அன்று நான் தோற்ற ஓர் ஆட்டமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நம்மில் பலர் அறிந்த ‘இருபத்தெட்டு’ ஆட்டத்தில், முதல் நான்கு சீட்டுகளைப் பார்த்தே ஒருவர் துருப்பை முடிவு செய்து கவிழ்த்து வைக்கிறார். 1925இல் அமெரிக்கரான வாண்டர்பில்ட் வகுத்த காண்ட்ராக்ட் பிரிட்ஜில் அப்படியன்று. ஏலத்தின் வழியே கூட்டாளிகள் இருவரும் சேர்ந்து துருப்பைத் தேர்கிறார்கள். ஆகவே இரு கைகளையும் கூட்டியே கணக்கிட வேண்டும்.

இருவரிடமும் சேர்ந்து ஒரே இனத்தில் எட்டுச் சீட்டுகளாவது இருத்தல் நலம். அப்போது எதிரிகளிடம் ஐந்தே இருக்கும். அவை மூன்றும் இரண்டுமாகப் பிரிய நூற்றுக்கு 68 வாய்ப்பு உண்டு. நம்மிடம் ஏழுதான் என்றால், எதிரிகளின் ஆறும் சமமாகப் பிரிய 36 வாய்ப்பே.

இரண்டு இனங்களில் எட்டெட்டு அமைந்தால் எதைத் தேர்வது? அன்றைய சீட்டுகளைப் பாருங்கள்.

என் கை: இஸ்பேடு ஏஸ், ராஜா, ராணி, 5, 4, ஆட்டின் ராஜா, ராணி, 7, 3, டைமன் ஏஸ், 4, கிளாவர் 8, 6.

சித்தப்பா கை: இஸ்பேடு ஜாக்கி, 7, 3, ஆட்டின் ஏஸ், ஜாக்கி, 5, 2, டைமன் 6, 5, 3, கிளாவர் ஏஸ், 7, 4.

நான் இரண்டு இனங்களையும் சொன்னேன். சித்தப்பா ஆட்டினை ஆதரித்தார். நானோ என் ஐந்து இஸ்பேடுகளில் மயங்கி ‘ஆறு இஸ்பேடு’ என்றேன். அதற்கு 12 பிடிகள் வேண்டும். இஸ்பேடில் 5, ஆட்டினில் 4, மற்ற ஏஸ்கள் 2; ஆக 11தான் கிடைத்தன. டைமனில் ஒன்றும் கிளாவரில் ஒன்றும் போயின.

ஆட்டின் துருப்பாகியிருந்தால்? எதிரி டைமன் இறக்குகிறார். என் ஏஸ் வெல்கிறது. எதிரிகளின் ஆட்டின் அன்று மூன்றும் இரண்டுமாகவே பிரிந்திருந்தது. மூன்று சுற்றில் அவற்றை வாங்கிவிடலாம். பிறகு ஐந்து இஸ்பேடுகளையும் ஆடினால், கடைசி இரண்டில் சித்தப்பா தம் மிச்ச டைமன்களைக் கழித்துவிடுவார். என் டைமன் 4ஐ அவர் துருப்பால் வெட்டுவார். அந்த வெட்டே பன்னிரண்டாவது பிடி!

சுருங்கச் சொல்லின், இரண்டும் கிடைக்கும்போது நான்கும் நான்குமான இனத்தைத் துருப்பாக்குக. ஐந்தும் மூன்றுமான இனத்தைச் சீட்டுக் கழிக்க வைத்துக்கொள்க.

2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் நம் நாட்டுக்குத் தங்கம் வென்றது இணையர் பிரிவில்தான். தனி ஒருவரின் கை அங்கே செல்லாது.

ஆட்டம் முடிந்ததும் சித்தப்பா கோபிக்கவில்லை. “ஏலே, ஒன் கையத்தான் பாத்தே. எங் கைய யாரு பாக்குறது?” என்றார். அருவியின் இரைச்சலை மீறி அது எனக்குக் கேட்டது.